சிலா போகும் வழியில் ஒரு கறுப்பு ஆடு

2006 மே மாதம், ஒரு புதன்கிழமை. காலை 5.10க்கு அபுதாபி முசஃபாவிலிருந்து கிளம்பினோம். சிலாவுக்கு அப்பால், சவூதி எல்லையோரத்தில் ஒரு சைட்டில் தண்ணீர் பம்ப் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்யப் போகும் மெக்கானிக் நான். தூரம் முந்நூற்று இருபது கிலோமீட்டர். நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்பை ஓட்டியவர் கீழக்கரை காசிம் பாய். பத்து வருடமாக இந்த ரோட்டில் ஓடுகிறார், பத்து வருடமாக இதைத் திட்டுகிறார்.

7.00. தரீஃபில் நிறுத்தினோம். டீ ஐம்பது ஃபில்ஸ். டீ என்று சொன்னதால்தான் அது டீ. துபாய் என்றாலே தங்கக்கடையும் உயரமான கட்டடமும் என்று நினைக்கிற எங்கள் தூத்துக்குடிக்காரர்களை இந்த ரோட்டில் ஒருமுறை கூட்டிவர வேண்டும். ரூவைஸ் தாண்டியபின் இருபுறமும் தட்டையான வெளிதான். தெற்குப் பக்கம் உப்புப் பூத்த தரை வானம்வரை வெள்ளையாகக் கிடக்கிறது. ஈரம் இருப்பதுபோல் தெரியும், குடிக்க ஒரு சொட்டு கிடைக்காது.

9.20. சிலாவுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் முன்னால் ரோட்டோரம் ஒருவன் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். காலில் செருப்பு இல்லை, சாக்குத்துணியைச் சுற்றியிருந்தான். உதடு வெடித்திருந்தது. காசிம் பாய் இந்தியில் ஏதோ கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழாண்ணே?" என்றான்.

தண்ணீர் கொடுத்தோம். கடகடவென்று குடிக்கப் போனவனைக் காசிம் பாய் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். பெயர் முருகேசன், பெரம்பலூர்ப் பக்கம். சவூதியில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பட்டியில் வேலை. ஒன்றரை வருடமாகச் சம்பளமும் இல்லை, விட்டு அனுப்பவும் இல்லை. கூட வேலை பார்த்த ராஜேந்திரனோடு எல்லை தாண்டி வந்திருக்கிறான்.

"அவன் மணல்ல உள்ள தள்ளிக் கெடக்கான்ணே. நேத்து சாயங்காலத்துலேருந்து எந்திரிக்க முடியல. பேச்சு கொழறுது. ஆட்ட அவன் கையில கட்டிட்டு வந்தேன்."

"ஆடா?" என்றேன்.

ஆடுதான். பட்டியில் புழுதிக்காற்று கிளம்பிக் கண் தெரியாமல் போகும்போது, ஒரு பால் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதுமாம். அது நேராகத் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்துமாம். பாலைவனத்திலும் அது தண்ணீரை மோந்து காட்டும் என்று நம்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். முதல் நாள் முழுக்க அது இழுத்த பக்கம் நடந்தார்கள். சாயங்காலம் தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பார்த்தால், அவர்கள் தப்பித்து வந்த அதே பட்டி. ஆட்டுக்குத் தெரிந்த தண்ணீர் அது ஒன்றுதான். கொண்டுவந்த தண்ணீரில் பாதி அந்த நடையிலேயே தீர்ந்தது. ஆள் பார்த்துவிடுவார்கள் என்று தொட்டியை நெருங்காமலே, இருட்டோடு இருட்டாக எல்லைப் பக்கம் மறுபடி நடந்திருக்கிறார்கள். ஆட்டுக்காரனைத் தவிர வேறு யாரும் ஆட்டை இப்படி நம்ப மாட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

காசிம் பாய் போனை எடுத்தார். முருகேசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போலீஸ் வேணாம்ணே. திரும்ப அங்கயே கொண்டுபோய் விட்ருவாங்க."

"தம்பி, எல்லை தாண்டுன ஆள வண்டில ஏத்தினா நானும் உள்ள போவணும். அது கெடக்கட்டும். ஒன் கூட்டாளிக்கு ஆஸ்பத்திரி வேணுமா வேணாமா? நீயே சொல்லு, நான் போனப் போடுறேன்."

முருகேசன் ரோட்டைப் பார்த்தான். அபுதாபிப் பக்கம் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்துவிட்டு, "போடுங்கண்ணே" என்றான்.

போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அதுவரை காத்திருக்கக் காசிம் பாயால் முடியவில்லை. நான்கு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினார். காற்றிறங்கிய டயர்தான் மணலில் அகலமாக உட்கார்ந்து ஓடுமாம். உப்புத்தரையின் மேல்தோல் உடைந்தால் வண்டி அச்சுவரை இறங்கிவிடும். அதனால் ஒட்டகத் தடம் பார்த்து, அது போன வழியிலேயே ஊர்ந்தார். முருகேசன் பின்னால் நின்று கை காட்டினான். ஆறு கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம் ஆனது.

10.35. வெள்ளைத் தரையில் கறுப்பாக ஒரு புள்ளி. ஆடு. கிட்டப் போனதும், அதன் காலடியில் சட்டையால் முகத்தை மூடியபடி கிடந்த ஆளைப் பார்த்தோம். நான் குதித்து ஓடி மூக்கருகே கை வைத்தேன். மூச்சு இருந்தது. மனிதர்களுக்காக நான் அதிகம் அழுததில்லை, அன்று அழுதேன். நேற்று மத்தியானம்வரை அந்த ஆட்டின் பால்தான் அவனுக்குத் தண்ணீர் என்று முருகேசன் சொன்னான். வழி காட்டத் தெரியாத ஆடு அவன் உயிரை அதுவரை பிடித்து வைத்திருந்தது.

ரோட்டுக்குத் திரும்பியபோது போலீஸும் ஆம்புலன்ஸும் நின்றன. காசிம் பாய் ஈரத்துணியோடு ராஜேந்திரனைத் தாங்கி இறக்குவதைப் பார்த்த போலீஸ்காரர், அவரிடம் லைசென்ஸ்கூடக் கேட்கவில்லை. சவூதிக்கா என்று அரபியில் கேட்டோம். "மாஃபி சவூதி", சவூதி இல்லை என்றார். விசாரணை முடியும்வரை கொஞ்சநாள் உள்ளே, பிறகு தூதரகத்தின் பேப்பரோடு இந்தியாவுக்கு. முருகேசனுக்கு அதை நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வண்டியில் கூடவே வந்த ஆட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் போலீஸ்காரர் கொஞ்சம் திணறினார்.

மாலை 4.00. பம்ப் வேலையை ஒருவழியாக முடித்துவிட்டு, திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். "பயப்படாதீங்க மக்களே, கண்ணு முழிச்சிட்டாரு" என்றார். போலீஸ்காரர் ஐந்து நிமிடம் அனுமதித்தார்.

ராஜேந்திரன் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் முருகேசன்.

"ரோட்டுக்குப் போனியே, அப்படியே போயிருக்கலாம்ல? ரெண்டு பேருமா மாட்டணும்?" என்றான் ராஜேந்திரன்.

"ஒரு வண்டியும் நிக்கலடா" என்றான் முருகேசன்.

நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்தான், பின்னாலேயே போலீஸ்காரரும். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு பாகிஸ்தான் பட்டாணிக்காரன் லாரி நின்னுச்சுண்ணே. அபுதாபி வரைக்கும் ஏத்திக்கிறேன்னான், மணலுக்குள்ள வரமாட்டேன்னுட்டான். ராஜேந்திரன்கிட்ட சொல்லிறாதீங்க."

கேட்டுக்கொண்டிருந்த காசிம் பாய் டயருக்கு மிச்சக் காற்றை அடிக்கப் போய்விட்டார். வழக்கமாகத் திரும்பும்போதும் ரோட்டைத் திட்டுவார். அன்று முசஃபா வரும்வரை ஒரு வார்த்தை திட்டவில்லை.