குட்டிக்கு சுகர்

உடம்பு ஒன்றைச் சொல்கிறது; நாம் மதிக்கும் ஒருவர் வேறொன்றைச் சொல்கிறார். எதை நம்புவது? பெரிய புத்தகங்கள் பலவும் இதைக் கேட்கின்றன. ஆனால் பெரும்பாலும் உடம்பை ஓரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் பதில் தேடுகின்றன. இங்கே நான் சொல்லப்போகிறவர் அப்படி எதையும் படித்தவரல்ல. ஒரு குதிரைப் பண்ணையில் பத்தொன்பது வருடமாக லாயக்காரர். சினையாக இருக்கும் குதிரைகளையும் பிறக்கும் குட்டிகளையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவரிடம் இந்தக் கேள்வி ஒரு நாள் முற்பகலில் வந்து ஐம்பது நிமிடம் நின்றது.

பண்ணையில் அவரைக் ‘கடிகாரம்’ என்பார்கள். பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய். ஏழரைக்கு இன்சுலின், எட்டுக்குச் சாப்பாடு, பதினொன்றுக்கு இரண்டு பிஸ்கட். அவர் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துத் தீவனக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திவைத்துக்கொள்வாராம். பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். முரட்டுக் குதிரையைப் பழக்க அவரைவிடக் கெட்டிக்காரர்கள் அங்கே இருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதற்காகத்தான் குட்டிகள் இருக்கும் லாயத்தை அவரிடம் விட்டிருந்தார்கள்.

அன்று காலை ஆறே காலுக்கு ஒரு குதிரை மூன்று வாரம் முன்னதாகவே ஈன்றுவிட்டது. ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டிய குட்டி, வைக்கோல்மேல் போட்டது போட்டபடி கிடந்தது. மயிர் பட்டுப்போல இருந்தது, காது துணிபோலத் தொங்கியது. பண்ணையின் டாக்டர் வந்து பார்த்தாள். கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி, சர்க்கரைத் தண்ணீர் சொட்டும்படி டிரிப்ஸ் போட்டாள். தாயிடம் கறந்த சீம்பாலை இரண்டு மணிக்கொருமுறை மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொன்னாள்.

“எதுக்குங்க இவ்வளவு சோர்வு?” என்று கேட்டார் கடிகாரம்.

“பொறக்கறதுக்கு முந்தின நாலஞ்சு நாள்லதான் ஒரு ஹார்மோன் திடீர்னு ஏறும்ண்ணா. ஈரலு, நுரையீரலு எல்லாத்தையும் அதுதான் தட்டி எழுப்பும். இவரு அதுக்கு முன்னாடியே கிளம்பி வந்துட்டாரு. உடம்புல சேத்துவச்ச சக்தி ரெண்டு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. அதுக்காக டிரிப்ஸை வேகமா விட்டுடாதீங்க. இன்சுலினும் இன்னும் சரியா வேலை செய்யாது. சுகர் ரொம்ப ஏறினாலும் ஆபத்து.”

கடைசி வாக்கியம் அவர் மனதில் நன்றாகப் பதிந்தது. ஏறினால் ஆபத்து என்பது அவருக்கும் தெரிந்த விஷயம்.

ஒன்பதரைக்கு டாக்டர் குட்டியின் ரத்தம் ஒரு குப்பி எடுத்துப் பண்ணையின் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். போன சற்று நேரத்தில் வேறொரு குதிரை கம்பி வேலியில் காலைக் கிழித்துக்கொண்டது. தையல் போட ஓடினாள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு லாயத்தில் போன் அடித்தது. முடிவோடு ஓடிவந்த சோதனைக்கூடத்துப் பெண் போனை டாக்டரின் காதில் பிடித்திருந்தாள். டாக்டரின் இரண்டு கையும் ரத்தம்.

“அண்ணா, குட்டிக்கு சுகர். அதான் அப்படிப் படுத்துக் கிடக்கு. டிரிப்ஸைப் பாத்துக்கோங்க, முடிச்சிட்டு வந்துடறேன்.”

டாக்டர் சொல்ல நினைத்தது, சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது, சொட்டைக் கூட்டுங்கள் என்று. ஆனால் பதினான்கு வருடமாக அவர் வீட்டிலும் தெருவிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ‘அவருக்கு சுகர்’ என்றால் ஒரே அர்த்தம்தான். கூடிப்போனது என்ற அர்த்தம். குறைந்தவருக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

டிரிப்ஸின் சின்னச் சக்கரத்தை உருட்டி அடைத்தார். குழாயில் ஊற்ற வைத்திருந்த பத்தரை மணிப் பாலையும் மூடி எடுத்து வைத்தார்.

தீவனக்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன கடிகாரம், பொறந்த அன்னைக்கே உங்க வியாதியா? ஊசி போடக் கத்துக்குடுத்துடுங்க.”

“வாயை மூடிட்டுப் போய்யா.”

“இல்ல, நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிக்கலாமேன்னு சொன்னேன்.”

அதன்பின் நடந்ததை அவர் ஒருவரிடம்தான் சொன்னார், தன் மனைவியிடம். அவர் மனைவி பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எனக்கு இது அந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

காலையில் குட்டி அவர் விரலைச் சப்பியது. பத்தே முக்காலுக்கு விரலை வாயில் வைத்தால் நாக்கு அசையவில்லை. நாக்கு சில்லென்று இருந்தது. பிறகு உதடு துடிக்க ஆரம்பித்தது. அவருக்கும் சர்க்கரை இறங்கினால் முதலில் உதட்டில்தான் தெரியும். உதடு மரத்து, துடித்து, பிறகு கை நடுங்கும். ஒருமுறை பஸ்ஸில் அப்படி ஆகி, பக்கத்து இருக்கைக்காரர் அவர் வாயில் மிட்டாயைத் திணித்திருக்கிறார். குட்டியின் உதட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்றுதான் மனைவியிடம் சொன்னார், சந்தேகம் வந்தது என்று சொல்லவில்லை. இரண்டுமுறை போனைக் கையில் எடுத்தார். படித்தவள் சொல்லியிருக்கிறாள், நான் யார் என்று இரண்டுமுறையும் வைத்துவிட்டார். சக்கரத்தின்மேல் கட்டைவிரல் இருந்தது. உருட்டவில்லை.

பதினொரு மணிக்கு டாக்டர் உள்ளே வந்தபோது குட்டி நான்கு காலையும் காற்றில் உதைத்து, வலிப்பில் வெட்டிக்கொண்டிருந்தது.

“யாரு அடைச்சது?”

“நான்தாங்க. சுகர்னு சொன்னீங்களே.”

“குறைஞ்சிருக்குன்னுதானே சொன்னேன்?”

“குறைஞ்சிருக்குன்னு சொல்லலீங்க. சுகர்னு சொன்னீங்க.”

அவள் மண்டியிட்டாள். ஒரு சொட்டு ரத்தத்தை எந்திரத்தில் வைத்தாள். எண்ணே வரவில்லை, அளக்க முடியாத குறைவு என்று காட்டியது. சர்க்கரை மருந்தை நரம்பில் ஏற்றினாள். அவசரத்திலும் மெதுவாகத்தான் ஏற்றினாள். கடிகாரம் குட்டியின் தலையை மடியில் பிடித்துக்கொண்டார். அன்று அவர் பதினொரு மணி பிஸ்கட்டைத் தொடவில்லை என்பதைத் தீவனக்காரர்தான் கவனித்தார். இரண்டைக் கொண்டுவந்து அவர் வாயில் ஊட்டிவிட்டுப் போனார்.

வெட்டு நின்றது. ஆனால் மூன்று நாள் யாருக்கும் மூச்சு சீராக இல்லை. மணிக்கொருமுறை ஒரு சொட்டு ரத்தம். நாற்பத்திரண்டு. கொஞ்சம் கூட்டினால் இருநூற்று அறுபது. குறைத்தால் மறுபடி ஐம்பது. ஏறுவதை இறக்கவும் இறங்குவதைத் தூக்கவும் வேண்டிய ஹார்மோன்கள் அந்த உடம்பில் இன்னும் ஒன்றோடொன்று பேசிப் பழகவில்லை என்றாள் டாக்டர். ஒவ்வொரு முறையும் எந்திரம் எண்ணைக் காட்டும் முன் ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்து நொடியும் கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போகவில்லை. மனைவிதான் சாப்பாடும் ஊசி மருந்தும் கொண்டுவந்தார். அப்போதுதான் கடிகாரம், வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்று, உதடு துடித்ததைச் சொன்னார்.

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லப்போறீங்களா?”

“குட்டி பொழைக்கட்டும், பாப்போம்.”

நான்காம் நாள் குட்டி எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து, தாயின் அடிவயிற்றை மூன்று தடவை தப்பாக முட்டி, கடைசியில் காம்பைப் பிடித்தது. லாயத்தில் யாரும் கைதட்டவில்லை. ஏனென்றால் குட்டி இடப்பக்கச் சுவரில் இடித்துக்கொண்டே நடந்தது. டாக்டர் அதன் இடக்கண்ணில் டார்ச் அடித்தாள். இமை அசையவில்லை. குறைமாதத்தால் இருக்கலாம், அந்த ஐம்பது நிமிடத்தால் இருக்கலாம், எது என்று சொல்ல வழியில்லை என்றாள்.

பண்ணை முதலாளி எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒரு கண் தெரியாத குட்டியால் பந்தயத்துக்குப் பயனில்லை. யார் தவறு என்று அவருக்குத் தெரிய வேண்டும், அந்த ஆளை வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

டாக்டர் ஒரு பக்கம் எழுதினாள். லாயக்காரரை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

“முழுசாப் படிங்கண்ணா. ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன். சரின்னா கீழ கையெழுத்து.”

தகவலைத் தெளிவாகச் சொல்லாதது தன் தவறு, தன் தவறு மட்டுமே என்று எழுதியிருந்தாள். லாயக்காரர் சொன்னதைக் கேட்டு நடந்தார் என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்து ஒரு வரி: அந்த ஐம்பது நிமிடத்தில் குட்டியிடம் அவர் கவனித்திருக்கக்கூடிய மாற்றம் எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

அவர் அந்தப் பக்கத்தை இரண்டுமுறை படித்தார். விரல் அந்த வரியில் நின்றதை டாக்டர் பார்த்திருக்கிறாள்.

“ஏதாவது மாத்தணுமாண்ணா?”

“பேனா குடுங்க.”

கையெழுத்துப் போட்டார். டாக்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் அவள் வேறு பண்ணைக்குப் போனாள். அவர் அதே லாயத்தில் இன்னும் ஆறு வருடம் வேலை பார்த்தார். ஏன் போட்டீர்கள் என்று மனைவி ஒரே ஒருமுறை கேட்டாராம். அவர் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஊசியை மூடிவைத்துவிட்டு, மணி எட்டாச்சா என்று கேட்டார்.