கூண்டில் சிக்கிய மரநாய்

பெருச்சாளிக்காக எங்கள் பிள்ளைப்பாக்கம் வீட்டுக் கொல்லையில் வைத்த இரும்புக் கூண்டில், விடிந்து பார்த்தால் ஒரு மரநாய். திறக்கக் குனிந்தேன். அது சீறி நாற்றத்தைப் பீய்ச்சியதும், குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டேன்.

"லைன்ல இருபது பேர வெரட்டுற சூப்பர்வைசரு, இன்னாய்யா இது! தொறந்து வுட்டுட்டுப் போ," என்று மனைவி சிரித்தாள்.

"கம்பெனி பஸ்சு வந்துடும். சாயந்தரம் பாத்துக்கலாம், நீ கிட்ட போவாத," என்று நழுவினேன்.

அன்று ஓவர்டைம். வெயில் ஏறி அது துடித்தபோது மனைவி பலமுறை அழைத்திருக்கிறாள். என் போன் கம்பெனி லாக்கரில் கிடந்தது. வீடு திரும்பியபோது மரநாய் செத்திருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. கைக்கெட்டாத கூரை இடுக்கில் குட்டிகள் கத்தின. மறுநாள் அந்தச் சத்தமும் நின்றது.

இப்போதெல்லாம் விடுமுறை நாளில், நிழலில்தான் கூண்டு வைக்கிறேன். தூரத்திலிருந்து கதவை இழுத்துத் திறக்கக் கயிறு கட்டியிருக்கிறேன், என் பயத்தின் நீளத்துக்கு.