கணக்கில் வராத ஐந்து நாள்

ஜெரிஹுன் அண்ணனைப் போலப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. வாஷிங்டனில் ஒரு கார் நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். வாடிக்கையாளர் சீருடையில் வந்து இறங்கினால் போதும், அண்ணன் தூணுக்குப் பின்னால் போய்விடுவார். கேலி செய்வேன். அடிஸ் அபாபாவில் காரணம் தெரியாமலே ஜெயிலில் கிடந்தவர் என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் மகன் யாரெட்டைப் பற்றியது. தாய் வுபித்தோடு அடிஸில் இருக்கிறான். அவனுக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் அண்ணன் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டால் பிள்ளை சீக்கிரம் வந்துவிடலாம். தாண்டிவிட்டால் பல வருட வரிசை. "அவ்ளோ நாள்லாம் இருக்க முடியாதுப்பா. லிபியா போயி படகு ஏறிடுவேன்" என்று சொல்லியிருந்தான். அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். இருவரிடமிருந்தும் இன்றுவரை தகவல் இல்லை.

நிரந்தரக் குடியிருப்பு கிடைத்து ஐந்து வருடம் முடிந்தால் குடியுரிமை கேட்கலாம். முடிவதற்குத் தொண்ணூறு நாள் முன்பே விண்ணப்பம் போடவும் விடுவார்கள். அதற்கு மேல் ஒரு நாள் முந்தினாலும் செல்லாது. அண்ணன் அதை எங்கள் எத்தியோப்பியத் தேவாலயக் காலண்டரில் எண்ணினார். எங்கள் மாதமெல்லாம் முப்பது நாள்தான். மூன்று மாதம் பின்னால் போனால் தொண்ணூறு, அதற்கென்ன பெரிய கணக்கு? அந்த நாளிலேயே போய்ச் சேரும்படி அவசரத் தபாலில் அனுப்பினார். அன்று தன் காசில் எனக்குக் காபியும் வாங்கித் தந்தார். அதுவே ஓர் அதிசயம்.

செப்டம்பரில் பாகுமே வந்தது. வருடக் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் எங்கள் பதின்மூன்றாம் மாதம் அது; மொத்தமே ஐந்து நாள். அதில் ரஃபேல் தேவதூதரின் திருநாளில் பெய்யும் மழை புனிதமானது. தேவாலய வாசலில் பெரியவர் சிறியவர் எல்லோரும் நனைந்துகொண்டிருந்தோம். அண்ணன் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"டேய், இந்த அஞ்சு நாள நான் எண்ணவே இல்லடா."

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "அப்போ தொண்ணூத்தஞ்சு நாள் முன்னாடியே போட்டுட்டீங்களா?"

தலையை ஆட்டினார். மழையிலும் அவர் முகம் வெளிறியது தெரிந்தது.

"விடுங்கண்ணே. நாளைக்கே வாபஸ் வாங்கிட்டுப் புதுசா போடுங்க. போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல."

"நாமளே போயி தப்புப் பண்ணிட்டோம்னு சொல்றதா? ஃபைல எடுப்பான். வேற எதையாவது தோண்டுவான்."

"தோண்ட என்ன இருக்கு? நீங்க ரோட்டக்கூட சிக்னல் பார்த்துத்தான் தாண்டுறீங்க!"

"பேசாம இருடா. அவங்க கண்ணுல படாமலும் போகலாம்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எவ்வளவோ சொன்னேன், ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதன்பிறகு அவருக்குத் தூக்கமும் போனது. கிறிஸ்துமஸ் நோன்பு முடிந்து எல்லோரும் கோழிக்குழம்பில் கை வைத்தபோதும் இவர் இஞ்செரா அப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் குடியுரிமை நேர்முகத் தேர்வு. நான்தான் காரில் கூட்டிப்போனேன். யாரெட்டுக்கு அடுத்த மாதம் இருபத்தொன்று முடிகிறது. வாசலில் காத்திருந்தேன்.

அண்ணன் வெளியே வந்தார்.

"கேள்விக்கெல்லாம் சரியா சொன்னேன்டா. அதிகாரி நல்ல பொம்பள. சிரிச்சா. அப்புறம் தேதியப் பார்த்தா. 'அஞ்சு நாள் முந்திப் போட்டிருக்கீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது, மறுபடி போடுங்க'ன்னா."

மறுபடி போட்டு, முறை வந்து, உறுதிமொழி எடுப்பதற்குள் பிள்ளையின் பிறந்தநாள் எப்போதோ போயிருக்கும். இருவருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. யாரெட். அண்ணன் அதையே வெறித்துப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார்.

"அப்பா, என்ன ஆச்சு?"

"கிடைச்சிருச்சுடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் வுபித் அண்ணி குலவை போட்டார். யாரெட் சற்று விலகி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நிஜமாவாப்பா? அப்போ தரகர்கிட்ட குடுத்த பணத்தத் திருப்பிக் கேட்டுரட்டுமா? அம்மாவுக்குத் தெரியாது. நாளைக்கு விடியக்காலைல லிபியாவுக்குக் கிளம்புறதா இருந்தேன்."

"கேளு," என்றார் அண்ணன். "இப்பவே போயி கேளுடா."

போனை அணைத்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.