தேவகி கேட்ட ஒரு நாள் விடுப்பு

தேவகி இறந்துபோன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளியின் தாளாளர். ஆசிரியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில், காலை ஏழே முக்கால் மணிக்கு, அவள் படத்தைப் போட்டு, கீழே ‘எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்’ என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. குடும்பம் என்ற அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். நான் எதுவும் போடவில்லை.

அவளிடம் கணக்குப் படித்தவர்களும், அவர்களின் பெற்றோரும், எங்களோடு வேலை பார்த்தவர்களும் படிப்பீர்கள் என்று நினைத்து இதை எழுதுகிறேன். அவள் நல்லவள் என்பது உங்களுக்கே தெரியும். தெரியாததை நான் சொல்கிறேன். தாளாளரின் பெயரை எழுதப்போவதில்லை. அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவள் பெயர் இருக்கும் பக்கத்தில் அந்தப் பெயர் வேண்டாம், அவ்வளவுதான்.

ஒருநாள் விடைத்தாள் கட்டு ஒன்று மாறிப்போய், அதை வாங்க ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். மாலை ஆறு மணி இருக்கும். இரண்டே அறைகள். டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவர் மோகன் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மூத்தவள் கயல் காய்ந்த துணியை மடித்தாள். சின்னவள் யாழினி தண்ணீர் பிடித்து வைத்தாள். நான்கு தட்டு, நான்கு டம்ளர்; அலமாரியில் ஐந்தாவது கிடையாது. எனக்குக் காபி கொடுக்கத் தேவகி ஒரு டம்ளரைக் கழுவி எடுத்தாள். இரவுக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக மோகனுக்கு ஸ்பெஷல் பஸ் டியூட்டி என்பதால் வீட்டில் எல்லோருக்கும் தயிர்சாதம். ஏழு மணிக்கு வேலை முடிந்து நான்கு பேரும் சும்மா உட்கார்ந்து பேசுவார்களாம். சும்மா என்பதை அவள் அழுத்திச் சொன்னாள்.

என் வீட்டிலும் நாங்கள் நான்கு பேர்தான். ஆனால் நான் ஒருத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். எப்படித்தான் உனக்கு மட்டும் நேரம் கிடைக்கிறது என்று கேட்டேன். “நாலு பேர் இருக்கற வீட்ல ஒருத்திக்கு மட்டும் நேரம் பத்தலன்னா, அது நேரத்தோட தப்பு இல்லக்கா” என்றாள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து என் கணவரிடம் துடைப்பத்தைக் கொடுத்தேன்.

பள்ளியில் அவள் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. தேர்வு முடிந்த மறுநாளே தாள் திருத்தி வந்துவிடும். ஓய்வுப் பாடவேளையில் நாங்கள் பேசிக்கொண்டிருப்போம், அவள் நோட்டுத் திருத்துவாள். நாலரைக்கு மணி அடித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த நாலரை மணிதான் தாளாளருக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஏழு மணி வரை சிறப்பு வகுப்பு என்ற பெயரில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு நாள் கோயில் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா அழுதார். பையன் வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறான், அவன் முகத்தையே பார்க்க முடியவில்லை என்றார். தேவகி அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இவனுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வேணாம்மா. நாலரைக்கே கூட்டிட்டுப் போங்க. கூட உக்காந்து சாப்புடுங்க. கணக்கு நான் பாத்துக்கறேன்.”

பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். அந்த மாதமே பதினோரு பிள்ளைகள் மாலை வகுப்பிலிருந்து நின்றார்கள். ஒருவரும் தேர்வில் பின்தங்கவில்லை. அதைத் தாளாளரால் மன்னிக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பை அவளிடமிருந்து பிடுங்கினார்கள். அர்ப்பணிப்பு இல்லை, மணி அடித்ததும் கிளம்புகிறார் என்று மெமோ கொடுத்தார்கள். அவள் ஒத்துழைப்பதில்லை என்று ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதியதுபோல ஒரு கடிதம் தயாரானது. தாளாளர் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். நான்காவது கையெழுத்து என்னுடையது. பையனுக்குக் கல்லூரி, வீட்டுக்கு வாடகை என்று எனக்குள் காரணம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் அந்தக் கடிதத்தின் நகலை அவளுக்குக் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “பேனா சரியா எழுதலியாக்கா? உங்க கையெழுத்து நடுங்கிப்போய் இருக்கு” என்றாள். தன் டப்பாவிலிருந்து பொரியலை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வருடம் அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. இங்கே பார்த்த டாக்டர், வேலூர் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஒரு நாள் விடுப்புக் கேட்டாள். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார் தாளாளர். முடிந்ததும் கேட்டாள். ஆண்டு விழா முடியட்டும் என்றார். மூன்றாவது முறை கேட்டபோது நான் அங்கே வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தேன். “டெய்லி இவ்ளோ நேரம் மிச்சம் பண்றீங்களே டீச்சர், உங்களுக்கு எதுக்கு லீவு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த அலுவலகக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை.

நான்காவது முறை அவள் கேட்கவில்லை. சொல்லாமலே மோகனோடு பஸ் ஏறினாள். முன்னாடியே வந்திருந்தால் என்று தொடங்கிய வேலூர் டாக்டர், பாதியில் நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாராம். முன்னாடியே போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கும் காரணம் தாளாளர்தான். சொல்லாமல் எடுத்த விடுப்புக்கு அவளிடம் விளக்கம் கேட்டு இன்னொரு மெமோ வந்தது.

அவள் போய்ப் பத்தாம் நாள் பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் அவள் படம், அதற்கு மாலை. பின்னால் பெரிய பேனர். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான நேர மேலாண்மைப் பயிற்சி, தேவகி டீச்சர் நினைவாக, சனிக்கிழமை தோறும், கட்டணத்துடன். பதிவு செய்ய வாசலில் ஒரு மேஜையும் போட்டிருந்தார்கள்.

தாளாளர் பேசினார். நேரத்தின் அருமை தெரிந்தவர் என்றார். இந்தப் பள்ளியே அவர் குடும்பம் என்று மறுபடியும் சொன்னார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். என் உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்திருந்தார்கள். அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மோகனிடம் வாங்கி வந்திருந்த இரண்டு மெமோக்களையும் மைக்கில் படித்தேன். தேதியோடு, கையெழுத்தோடு படித்தேன். ஆசிரியர்கள் கொடுத்த கடிதத்தையும் படித்து, நான்காவது பெயர் என்னுடையது என்றேன். ஸ்கேனுக்காக மூன்று முறை விடுப்புக் கேட்டதையும், கிடைத்த பதிலையும் தாளாளர் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன். மைக்கை நிறுத்தச் சொல்லி அவர் கை காட்டினார். நிறுத்தினார்கள். அதற்குள் நான் முடித்துவிட்டேன். வகுப்பில் தமிழ் நடத்திப் பழகிய என் குரலுக்கு மைக் தேவையும் இல்லை.

பூக்கடைக்கார அம்மா எழுந்தார். “லீவு கேட்டாங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க சார்.”

“அதெல்லாம் ஆபீஸ் விஷயம்மா” என்றார் அவர்.

முன்வரிசையில் மகள்களோடு உட்கார்ந்திருந்த மோகன் மேடைக்கு ஏறினார். மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கயல் ஒரு பக்கம், யாழினி ஒரு பக்கம். பெற்றோர் பின்னாலேயே போனார்கள். பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயரும் ஏறவில்லை. தாளாளர் பேனரின் அடியில் தனியாக நின்றதை நான் கதவருகே நின்று நிதானமாகப் பார்த்தேன். எனக்கு இனித்தது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை.

மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். அந்தப் பயிற்சி வகுப்பை வேறொரு பெயரில் கொஞ்ச நாள் கழித்துத் தொடங்கப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

கடைசியாக அவளைப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். “வேணாம்க்கா. அவரத் திட்டறதுக்கு ஒரு சாயங்காலத்தக்கூட நான் தரமாட்டேன். இருக்கறதே கம்மி. புள்ளைங்களுக்கே பத்தல.”

அவளுக்கு மன்னிக்கத் தெரிந்திருந்தது என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு நேரம் இல்லை. எனக்கு இருக்கிறது. என் வீட்டிலும் இப்போது ஏழு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஆளுக்கொரு வேலை, ஒரு குழம்பு, ஒரு பொரியல். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அப்படி மிச்சமாகும் நேரத்தை அவள் வேண்டாம் என்று சொன்ன வேலைக்குத்தான் செலவழிக்கப்போகிறேன். இந்த ஊரில் எந்த மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டித் தாளாளர் நேரத்தைப் பற்றிப் பேசினாலும், முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்காருவேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் அவர் பேச வேண்டியிருக்கும்.