சிம்மில் எட்டு நிமிடம்

டயாலிசிஸ் வார்டில் டிவியை மாட்டியவர் யாரோ, அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு நாள் பெரம்பலூரில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்குக் கையில் ஊசியைக் குத்தி மெஷினில் மாட்டினால் பதினோரு மணி வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. உப்பு ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிடப்பட்ட ஆறு பேர் அங்கே வரிசையாகப் படுத்திருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு நேரே, சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்ட டிவி. அதில் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பிரியாணி வரும், ஐஸ்கிரீம் வரும், பீட்சா வரும். பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிப்போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பீட்சா விளம்பரம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் ஒரு துண்டைத் தூக்குவாள். மேலே இருக்கும் சீஸ் இழுபட்டு இழுபட்டு வரும், அறுந்து விழாது. ஒருநாள் பஸ்ஸில் அரியலூர் திரும்பும்போது, அது எப்படி அவ்வளவு தூரம் அறுபடாமல் வருகிறது என்று என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். இரண்டு ஸ்டாப்பிங் கழித்து, "ஒரு தடவ அதத் தின்னு பாக்கணும் புள்ள" என்றார்.

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இது வேண்டும் என்று வாய் திறந்து ஒரு பண்டத்தை அவர் கேட்டதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஃபேக்டரிக்கும் நடுவே டிப்பர் லாரி ஓட்டியவர். எந்த நேரம் வந்தாலும் சரி, தட்டில் எது விழுந்தாலும் தின்றுவிட்டுக் கையைக் கழுவுகிற ஆள். நானோ பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தவள். நூறு பிள்ளைகளில் எவன் முட்டையை ஒளித்து வைப்பான், எவள் பருப்பைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. கேட்டதும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் தின்னக் கூடாத காலத்தில், தின்னக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

முடியாது என்றேன். ஒருநாள் இல்லை, நாலு மாதம் முடியாது என்றேன். சீஸில் உப்பு இருக்கிறது, தக்காளி ஆகாது என்று டயட் பேப்பரை எடுத்து நீட்டுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நாக்கை அடக்கத் தெரியாமல்தான் இங்கே வந்து படுத்திருக்கிறீர்கள் என்று வார்டிலேயே ஒருநாள் கத்திவிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னது பொய்யும்கூட. ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் பல வருடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நாக்குக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியில் நர்ஸ்தான் மனம் இரங்கினார். டயாலிசிஸ் முடிந்த அன்றைக்கே, அதுவும் ஒரே ஒரு துண்டு கொடுங்கள், ஆசையை ஏன் கெடுக்கிறீர்கள் என்றார். மறுநாள் என்றால் வேண்டவே வேண்டாம், உடம்பில் மறுபடி எல்லாம் சேர்ந்துவிடும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பீட்சா கடை இருந்தது. ஆனால் டயாலிசிஸ் முடிந்து எழுந்ததும் அவருக்குத் தலை சுற்றும், குமட்டும். வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தால்தான் வயிறு எதையாவது ஏற்கும். பார்சல் கொண்டுபோனால் அதற்குள் செருப்புத் தோலாகிவிடும் என்றார் கடைக்காரர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பாதி வேகவைத்துத் தருகிறேன், மீதியை நீங்கள் வீட்டில் வேகவைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓவன் இல்லையே என்றேன். தோசைக்கல் போதும் என்றார். சீஸைக் குறைத்து, சாஸை லேசாகத் தடவி, அடிப்பக்கம் வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துப் பெட்டியில் வைத்தார். நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பெட்டியின் மூடியில் பேனாவால் எழுதியும் கொடுத்தார்: கல் காயட்டும். சிம்மில் வைக்கவும். மூடவும். எட்டு நிமிடம்.

பஸ்ஸில் பெட்டியைத் தன் மடியில்தான் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம். ஊசி குத்திய கையால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்னய அரவேக்காடு அரவேக்காடுன்னு வைவ. இப்ப நீயே தேடிப்போயி அரவேக்காடு வாங்கிட்டு வர்ற பாரு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். நாலு மாதம் இந்த மனுஷனை ஏன் இப்படி அலைக்கழித்தோம் என்று இருந்தது.

எங்கள் வீடு அரியலூரில் கீழப்பழுவூர் போகும் பக்கம். போனதும் பீட்சாவை ஃபிரிட்ஜில் வைத்தேன். ஆறு மணிக்கு எழுப்பு என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நாலு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. ஒரு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்த அந்த வீட்டுப் பெரியவர் போய்விட்டார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் வந்து சேர்ந்து மறுநாள் மத்தியானம்தான் எடுப்பார்கள் என்றார்கள்.

தெருவில் பிணம் கிடந்தால் அதை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது. இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, சொல்லவும் தேவையில்லை. பசித்தால் மெயின் ரோட்டுக் கடையில் வாங்கித் தின்ன வேண்டியதுதான்.

ஆறு மணிக்கு அவரே எழுந்துவிட்டார். முகம் கழுவி, சட்டைகூட மாற்றிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாவம் நல்ல மனுஷன் என்று எதிர்வீட்டுக்காரருக்காக உச்சுக்கொட்டினார். அப்புறம் மெதுவாக, வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சுட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். வாசனை கதவுக்குக் கட்டுப்படுமா என்று கேட்டேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், மகள் வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பைத் துணி விலக்கிக் காட்டினார்.

"அடுப்புன்னா நெருப்பு. இதுல நெருப்பே இல்லியே. அப்பறம் இது எப்படி அடுப்பாவும்?"

லாரி ஓட்டியவர் வக்கீல் மாதிரி பேசுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுப்பு அடுப்புதான் என்றேன்.

"எட்டு நிமிசம் புள்ள. எழுதியே குடுத்திருக்கான்."

நான் அப்போது ஒன்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் பீட்சா போனால் போகிறது என்று இன்றைக்கு ஆறுதல் பட்டுக்கொண்டிருப்பேன்.

"நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா இந்தத் தெருதாங்க வரணும்."

நமக்கு என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஆள் ஒருவர்தான். அவர் இண்டக்‌ஷன் மேல் துணியைத் திரும்பப் போட்டு நாலு மூலையும் இழுத்துவிட்டார்.

"அதுவுஞ் சரிதான். எனக்கு ஒண்ணுன்னா தெரு வரணும்ல" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் நாக்கில் சனி. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்த நிமிடமே கல்லைத் தூக்கி வைத்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. ஊர்ப் பேச்சுக்குப் பயந்தேன் என்று மட்டும் சொன்னால் அது பாதிதான். ஒழுங்கு தப்பாதவள் என்று அந்தத் தெருவில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எதிர்வீட்டு வாசலில் போய்ப் பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன். ராத்திரிக்குக் கடை இட்லி வாங்கி வந்தேன். சட்னி இல்லாமல் இரண்டைத் தின்றார்.

மறுநாள் இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தெருவைக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு ஓடிவந்து அடுப்பைப் பற்றவைத்தேன். மறுநாள் கூடாது என்று நர்ஸ் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. ஒரு துண்டுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கல் காய்ந்தது, சிம்மில் வைத்தேன், மூடினேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஃபிரிட்ஜில் ஒருநாள் கிடந்ததில் மாவு ஈரம் கோத்திருந்தது. அடி கருகிவிட்டது, மேலே சரியாக இளகவில்லை.

தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் காலில் வீக்கம் ஏறியிருந்தது, முகம் உப்பியிருந்தது. அந்த விளம்பரப் பெண் தூக்குகிற மாதிரியே ஒரு துண்டை முனையில் பிடித்து மெதுவாகத் தூக்கினார். சீஸ் இழுபடவில்லை. மொத்தமாக வழுக்கித் தட்டில் விழுந்தது. வெறும் ரொட்டியில் ஒரு வாய் கடித்து ரொம்ப நேரம் மென்றார். விழுங்க முடியாமல் எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

"டிவியில காட்டுறதெல்லாம் பொய் புள்ள" என்றார்.

அடுத்த தடவை வாங்கி அன்றைக்கே சுட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். ஆசை விட்டுப்போச்சு என்றார். அதற்குப் பிறகு பெரம்பலூரில் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் கேட்டேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டுவார். வார்டில் அந்த விளம்பரம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். அட்டைப் பெட்டியின் மூடியை மட்டும் தூக்கிப் போடவிடவில்லை. கரண்ட் போனால் அதை எடுத்து விசிறிக்கொள்வார். விசிற விசிற எட்டு நிமிடம் என்கிற எழுத்து என் கண்ணுக்கு முன்னால் போய்ப் போய் வரும். வேண்டுமென்றே செய்கிறாரா என்று ஒருநாள் கேட்டேன். காத்து நல்லா வருது என்றார்.

மூன்றாவது மாதம், பெரம்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பின ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான்.

தெரு வந்தது. ஒரு வீடு பாக்கி இல்லாமல் வந்தது. பந்தல் போட்டார்கள், ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பினார்கள், மகள் வருவதற்குக் கார் பேசினார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தீர்களா, நான் சொன்னேன் இல்லையா, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று மனதுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் போல எதிர்வீட்டு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த டம்ளரை என் கையில் வைத்தாள். டீ. காலையிலிருந்து நான் எதுவும் குடிக்கவில்லை என்று அவள்தான் கவனித்திருக்கிறாள். எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டேன்.

"எங்க வூட்லதான் போட்டேன்."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் பயந்துபோய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"யாருக்கா இதெல்லாம் பாக்குறா? எங்க மாமனாரு கெடந்தப்ப எங்க வூட்லயே அடுப்பப் பத்த வச்சோம். புள்ளைங்க பசி தாங்கல. பின்கட்டுல நூடுல்ஸ் கிண்டிக் குடுத்துட்டேன்."

எப்போது என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

"அன்னிக்கே சாயங்காலந்தான். ஆறர மணி இருக்கும். நீங்ககூட எங்க வாசல்லதான உக்காந்திருந்தீங்க."

டம்ளரைத் தரையில் வைத்தேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, என்னை மன்னிச்சிடுங்க, என்னை மன்னிச்சிடுங்க என்று கத்தினேன். எதற்கென்று யாருக்கும் தெரியாது. அவள் என் முதுகைத் தடவிவிட்டு, டம்ளரை மறுபடி என் கையில் பிடிக்கவைத்தாள்.

"அழுவாதீங்கக்கா. சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க" என்றாள்.