பத்து எண்ணத் தெரியாத ராதோய்கா

கணவரின் கழுத்தில் கம்பளித் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைக் கோட்டுக்குள் செருகிவிட்டுத்தான் ராதோய்கா கல்லூரிக்குக் கிளம்புவாள். லாரி ஓட்டும் திஹோமிர் வாசலில் வந்து நின்று கழுத்தை நீட்டுவார், அவ்வளவுதான். "இருபத்தெட்டு வருஷமா நீட்டுறாரு. கை இருக்கிற மனுஷன்தான், நான்தான் அத மறக்க வச்சுட்டேன்" என்பாள்.

நோவி சாட் நகரில் தபால் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருபத்து நான்கு வருஷம் முத்திரை குத்தியவள். இப்போது ஐம்பத்திரண்டு வயதில், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் படிப்பில் முதலாண்டு மாணவி. உடன் படிக்கும் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடுகிறார்கள். வகுப்பில் கதவும் ஜன்னலும் ஒருசேரத் திறந்திருந்தால் பாடம் அவள் காதில் ஏறாது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். கழுத்துப் பிடிப்பு முதல் கல்யாண முறிவு வரை எல்லாவற்றுக்கும் குறுக்குக் காற்றுதான் காரணம் என்பது அவள் கட்சி. வெறுங்காலோடு தரையில் நடந்தால் சிறுநீரகம் போய்விடும் என்பதிலும் சந்தேகமில்லை. "மூளை வளர்ச்சியப் பத்தி நானூறு பக்கம் படிச்சாச்சு. கால்ல செருப்பு போடச் சொல்லி ஒரு வரி இல்ல. என்ன புஸ்தகமோ!"

போன மாதம் செய்முறைத் தேர்வு. சிறப்புப் பள்ளியில் ஆறு வயது துன்யாவோடு இருபது நிமிஷம். துன்யாவுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை. வீட்டுச் செருப்பைத் தானே மாட்டிக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை திணறினால் உடனே பாயக் கூடாது, மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். முதலாண்டின் முதல் பாடமே அதுதான். ராதோய்கா ஒன்றுகூட எண்ணவில்லை. செருப்பை மாட்டினாள், மூக்கைத் துடைத்தாள், சட்டைப் பொத்தானைப் போட்டாள், போகிற போக்கில் ஜன்னலையும் சாத்தினாள். தேர்வுத் தாளில் இரண்டு கட்டங்கள்: 'குழந்தை செய்தது', 'நீங்கள் செய்தது'. இரண்டாவது கட்டத்துக்கு அவள் கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். முதல் கட்டம் காலியாகவே இருந்தது.

தோற்றுப்போனாள். "என்னைப் பாஸ் போட்டிருந்தா துன்யாதான் பாவம்" என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை. இன்னொரு முறை தோற்றால் படிப்பை மூட்டைகட்ட வேண்டியதுதான். வேலையை விட்டு ஆசைப்பட்டு வந்த படிப்பு.

மறுதேர்வு நேற்று. ராதோய்கா குட்டை நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன அது?" என்று கேட்டாள் ஆசிரியை விஷ்ன்யா. ராதோய்காவுக்கு மகள் வயதுதான் இருக்கும்.

"காவல் வச்சிருக்கேன் டீச்சர். வெளிய விட்டா சேட்டை பண்ணும்."

துன்யா வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் வந்தாள். ராதோய்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு செருப்பைத் தானே மாட்டிக்கொண்ட துன்யா, மற்றதை ராதோய்காவின் முன்னால் போட்டுவிட்டுக் காலை நீட்டினாள். திஹோமிர் கழுத்தை நீட்டுவாரே, அதே தோரணை.

"நீயே போடு கண்ணு. எனக்கு ஆசைதான், ஆனா என் கைமேல ஒரு குண்டுப் பொம்பள உக்காந்திருக்கா."

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பத்து முடிந்து இன்னொரு பத்தும் எண்ணினாள். துன்யா காலைக் கீழே வைத்தாள். குனிந்து, செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரல்களை உள்ளே நுழைத்தாள். இரண்டு செருப்பும் கால் மாறியிருந்தன. துன்யாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. டக் டக்கென்று கதவை நோக்கி நடந்தாள்.

ராதோய்காவின் கைகள் காவலில் இருந்ததால், 'குழந்தை செய்தது' என்ற முதல் கட்டத்தை விஷ்ன்யாவே எழுதி நிரப்பிவிட்டுப் பேனாவை மூடினாள். "முடிஞ்சுது ராதோய்கா, நீங்க பாஸ். கைய எடுங்க."

ராதோய்காவின் கன்னத்தில் நீர் வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருங்க டீச்சர். செருப்பு மாறியிருக்கு. அவ கதவத் தாண்டிப் போயிரட்டும்" என்று சொல்லி, இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.