பாவாடையில் ஒட்டி வந்த நாயுருவி

ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான டீச்சராக நான் சேர்ந்தபோது, நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் தலைமையாசிரியை அம்மாளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் முறைப்படி வந்து சேரவில்லை. அவருடைய அனுமதி இல்லாமல் பள்ளியில் ஒரு பெஞ்சு இடம் மாறாது.

விதைகள் பரவும் விதம் பற்றிய பாடம் வந்தது. முப்பது பெண்களைத் திருவொற்றியூர்க் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறேன் என்றேன்.

“அங்க போய் என்ன பாக்கப் போறீங்க? எல்லாம் புத்தகத்துல இருக்கே” என்றார் அம்மாள்.

இருந்ததுதான். ராயபுரத்தில் ஒருவரும் கண்டிராத ஏதோ ஒரு சீமைச் செடியின் படம்.

எப்படியோ சம்மதம் வாங்கிப் போனோம். மணலில் இராவணன் மீசைப் புல்லின் விதைக்கதிர் முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டது, பெண்கள் துரத்தினார்கள். காற்று விதை பரப்புவதைப் பற்றி நான் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ரயில் பாதையோரப் புதர் வழியாகத் திரும்பியதில் அத்தனை பாவாடையிலும் நாயுருவி விதை. பள்ளித் தோட்டத்தில் உட்கார்ந்து பிய்த்துப் போட்டார்கள்.

மழைக்குப் பிறகு, அம்மாள் பெற்ற பிள்ளைபோல வளர்த்த குரோட்டன்ஸ் வரிசைக்கு நடுவே நாயுருவி செழித்து நின்றது. வகுப்பு முழுவதும் தோட்டத்துக்கு வரவழைக்கப்பட்டது.

“யார் கொண்டுவந்தது இதை?”

காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி சொன்னாள்: “யாரும் கொண்டாரல டீச்சர். அதுவே பாவாடைல ஒட்டிகினு வந்துச்சு.”

“கேக்காம கொள்ளாம எப்படி வரும்?”

கூட நின்ற சரித்திர டீச்சர், ஆதி மனிதர்களும் கடலோரமாகச் சிப்பி பொறுக்கித் தின்றபடி யாரையும் கேட்காமல்தான் தேசம் தேசமாகப் போனார்கள் என்றார்.

“அதனாலதான் அவங்க உருப்படல” என்றார் அம்மாள். உருப்படாதவர்களின் வாரிசுகள் எல்லோரும் தலைகுனிந்து நின்றோம்.

அந்தப் பெண் மட்டும் அம்மாளைக் கேட்டாள். “நீங்க எந்த ஊரு டீச்சர்?”

“திருநெல்வேலிப் பக்கம்.”

“அப்போ நீங்களும் வந்தவங்கதான்.”

அவள் குரலில் குறும்பே இல்லை. எனக்கும் அவளுக்கும் சீட்டுக் கிழிந்தது என்று நினைத்தேன். அம்மாள் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரை மண் போகத் தட்டினார்.

“எங்க ஊர்ல இந்த வேர்லதான் பல் விளக்குவோம்” என்றார், யாரையும் பார்க்காமல். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பிடுங்கச் சொன்னார்.

பிடுங்கிச் சுவருக்கு அப்பால் எறிந்தோம். அப்பால் ரயில்வே குடியிருப்பு. அங்கே அது முளைத்தபோது யாரை விசாரித்தார்களோ, தெரியாது.